ஒரு பீஸ்

கன்னிவாடி,
ஐப்பசி 9.

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே மூன்று நாளாக விடாத மழை. பன்றிமலை மேகத்துக்குள் போய்விட்டது. கடையில் தீபாவளித் தையல் குவிந்து கிடக்கிறது. பதினோரு மணிக்கு மிஷினை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இங்கிலாந்தில் ஹாலிபாக்ஸ் ஊரிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். நாலு பக்கமும் கல்தூண் வரிசை, நடுவில் தேரோட்டலாம் போல முற்றம், வாசலில் ‘பீஸ் ஹால்’ என்று பெயர். “சமாதான மண்டபம்னு நினைச்சு உள்ளே போனேன் அத்தை. துணிச் சந்தையாம். பீஸ்னா துண்டுதானே? துண்டுத் துணிக்கா இவ்வளவு பெரிய மண்டபம்?” என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை எனக்குச் சோறு போட்ட வார்த்தை. அதைப் போனில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை.

நீ குழம்பியதில் தப்பில்லை. நம் வாயில் அது ஒரே சத்தம். முந்தாநாள் இடியில் கரண்டு போனதும் மாமா “பீஸ் போச்சு” என்று சொல்லி, டார்ச் அடித்துக்கொண்டு பீஸ் கட்டையைக் கழற்றிக் கம்பி சுற்றினார். மறுநாள் உன் தம்பிக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்டினோம். பக்கத்து வீட்டு வளைகாப்புப் பந்தியில் “இந்த இலைக்கு இன்னொரு பீஸ் வைங்க” என்று கறி பரிமாறினார்கள். பச்சைப் பட்டாணி போட்ட சோற்றுக்கும் பீஸ் புலாவ் என்றுதான் பெயர். இங்கிலீஷில் வேறு வேறு எழுத்தில், வேறு வேறு வீட்டில் பிறந்த வார்த்தைகள் எல்லாம் நம்ம ஊருக்கு வந்து ஒரே திண்ணையில் உட்கார்ந்துவிட்டன. எதைச் சொல்கிறோம் என்று யாருக்கும் இதுவரை சந்தேகம் வந்ததில்லை.

என் பீஸ் துணியுடையது. கட்பீஸ் கடையில் வாங்குவது, சட்டைப் பீஸ், பேன்ட் பீஸ், வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ஜாக்கெட் பீஸ். கடையில் என்னிடம் வருகிறவர்கள் பாதிப்பேர் ‘பிட்’ என்பார்கள், பாதிப்பேர் ‘பீஸ்’ என்பார்கள். எப்படிச் சொன்னாலும் வெட்டி எடுத்த துணி என்றுதான் அர்த்தம். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தறியில் அதற்கு அர்த்தமே வேறு, தாயி. உன் அப்பத்தா சின்னாளப்பட்டியில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அப்பா தறியில் சேலை நெய்தவள். பாவு ஏற்றினால் அதில் வரிசையாகச் சில சேலைகள் வரும். ஒரு சேலை முடிந்ததும் ஒரு சாண் அளவுக்கு ஊடை ஓட்டாமல் பாவை வெறுமனே விட்டு, அதற்கு அப்பால் அடுத்த சேலையைத் தொடங்குவாளாம். அறுக்கும்போது அந்த வெறும் இழையில்தான் அறுப்பார்கள். நெய்த இடத்தில் கத்தி படாது. அப்படி இறங்குவதுதான் ஒரு பீஸ். இரண்டு பக்கமும் கரை, ஒரு தலைப்பில் முந்தி, மறு தலைப்பில் முடிவு. எதிலிருந்தும் பிய்த்தது இல்லை.

ஹாலிபாக்ஸ்காரர்கள் சொன்ன பீஸும் இதுதான். அந்த மண்டபத்தைத் திறந்தது 1779 ஜனவரி 1. அந்த வருஷம் நம்ம திண்டுக்கல் கோட்டை ஹைதர் அலி கையில் இருந்தது. யார்க்‌ஷயர் மலைச்சரிவில் வீட்டுக்கு வீடு தறி. நெய்கிறவர் கம்பளித் துணியைத் தறியிலிருந்து இறக்கி, முழு நீளத்தையும் மடித்துத் தோளிலோ குதிரையிலோ போட்டுக்கொண்டு வந்து விற்ற இடம் அது. 315 அறைகள். சனிக்கிழமை காலையில் இரண்டே மணி நேரம்தான் வியாபாரம், மணி அடித்துத் திறந்து மணி அடித்து மூடுவார்களாம். ஆலைகள் பெருகியதும் வியாபாரிகள் நேரே ஆலை வாசலுக்குப் போக, மண்டபம் காலியாகி, பிற்பாடு காய்கறி மொத்தச் சந்தை ஆனது. நம் ஒட்டன்சத்திரத்து மார்க்கெட்டை அந்தத் தூண்களுக்கு நடுவே வைத்து நினைத்துப் பார்த்தேன். 2017 ஆகஸ்டில் அதைப் புதுப்பித்துத் திறந்ததால்தான் நீ அங்கே நின்று படம் எடுத்திருக்கிறாய்.

இந்த வார்த்தை நம்ம நாட்டுத் துணியின் மேலும் ஏறியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கணக்குப் புத்தகத்தில் நம் பருத்தித் துணிக்கெல்லாம் மொத்தமாக ‘பீஸ் கூட்ஸ்’ என்று பெயர் எழுதினார்கள். 1639-ல் சென்னையில் அவர்கள் இடம் பிடித்ததற்கு நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் என்பது ஒரு காரணம். இன்றைக்கும் நாம் பாவாடைக்கு வாங்கும் லாங்கிளாத் அன்றைக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சரக்கு. ஒரு பீஸே முப்பது கெஜத்தைத் தாண்டும். அதை இங்கே நெய்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டே இருக்க மாட்டார்கள். 1792-ல் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமையும் கம்பெனி கைக்குப் போனது. அடுத்த நூறு வருஷத்துக்குள் கப்பல் திரும்பிவிட்டது. மான்செஸ்டர் ஆலைத் துணி இங்கே வந்து இறங்கியது, அதே ‘பீஸ் கூட்ஸ்’ என்ற பெயரோடு. பெயரை விட்டுவிட்டுப் பிழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. என் தாத்தா மாதிரி நெய்து பிழைத்தவர்கள் எத்தனை பேர் அந்தக் காலத்தில் தறியைப் பிரித்து விறகாக்கியிருப்பார்கள்.

நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த வார்த்தையாம். அதன் வேர், ரோமாபுரிக்காரர்கள் வருவதற்கு முன்னால் பிரான்சில் பேசிய காலிக் மொழியில் இருக்கிறது. வேல்ஸ் மொழியில் அதற்கு உறவாக ‘பேத்’ என்று ஒரு வார்த்தை இன்னும் உண்டு. அதற்குப் ‘பொருள்’ என்று அர்த்தம். உன்னோடு படிக்கும் வேல்ஸ் பெண்ணிடம் கேட்டுப் பார். சதுரங்கக் காய் ஒரு பீஸ், நாணயம் ஒரு பீஸ், வாசிக்கிற சங்கீதம் ஒரு பீஸ், பத்திரிகையில் எழுதும் கட்டுரை ஒரு பீஸ், அந்தக் காலத்தில் பறவை சுடும் துப்பாக்கிக்கும் அதே பெயர். எதுவும் உடைந்த சாமான் இல்லை, பார்த்தாயா? ஒவ்வொன்றும் தானே தனியாக நிற்கிற பொருள்.

நம் துண்டும் அப்படித்தானே. அப்பா தோளில் கிடக்கிற துண்டு எதிலிருந்தும் கிழித்ததில்லை, துண்டாகவே நெய்தது. பஸ்ஸில் அதைப் போட்டால் இடம் நமக்கு. மாட்டுச் சந்தையில் அதற்கடியில் விரலைத் தொட்டு விலை பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கூடத் தெரியாது. கணக்கில் துண்டு விழுந்தால்தான் கஷ்டம்.

இனி என் கதை. பத்தொன்பது வயதில் நான் திருப்பூர் போனது உனக்குத் தெரியும். ஒரு பனியன் கம்பெனியில் நான்கு வருஷம். பிசிறு வெட்டுவதில் தொடங்கி ஓவர்லாக் மிஷினுக்கு வந்தேன். எனக்குக் கொடுத்த வேலை கை ஏற்றுவது. பீஸ் ரேட். சனிக்கிழமைதான் அங்கேயும் கணக்கு. நோட்டில் என் பெயருக்கு நேரே எத்தனை பீஸ் என்று எழுதுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை கை ஏற்றினேன் என்று இப்போது சொன்னால் நம்ப மாட்டாய். ஆனால் அந்த நான்கு வருஷத்தில் ஒரு பனியனைக் கூட நான் முழுசாகத் தைத்ததில்லை. தோள் ஒருத்தி, கழுத்துப் பட்டி ஒருத்தி, அடி மடிப்பு ஒருத்தி. என் கைக்கு வரும்போது அது பாதி, போகும்போதும் பாதி. ஹாலிபாக்ஸ் நெசவாளி தோளில் சுமந்து வந்த அதே வார்த்தை என் நோட்டில் ஒரு கையாகக் குறுகிப் போயிருந்தது. ஒரு நாள் மேற்பார்வையாளர் எங்கள் வரிசையைக் காட்டி, “இன்னைக்கு எத்தனை பீஸ் வரலை?” என்று கேட்டார். அவர் கேட்டது துணியை இல்லை, ஆட்களை. அன்று ராத்திரி ஹாஸ்டலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தெருமுனையில் நிற்கிற பையன்கள் போகிற பெண்ணைப் பார்த்து ‘பீஸ்’ என்று சொல்வதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வரும். போன மாதம் கடை வாசலிலேயே ஒருத்தன் சொன்னான். கூப்பிட்டு உட்கார வைத்து, “தம்பி, அவ பேரு தெரியுமா உனக்கு?” என்று மட்டும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போனான்.

திருப்பூரை விட்டு வந்து இங்கே கடை போட்ட முதல் வாரம் தைத்தது நம்ம தெருக் கிழவி ஒருத்திக்கு வெள்ளை ரவிக்கை. அளவெடுத்து, வெட்டி, கை ஏற்றி, காஜா போட்டு, ஊக்கு வைத்து, தேய்த்து, எல்லாம் நானே. கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு, அவள் போட்டுப் பார்த்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதுதான் என் முதல் பீஸ் என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

உனக்குச் சின்னாளப்பட்டிச் சுங்குடி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். கருநீலம், சிவப்புக் கரை. அப்பத்தாதான் கடையில் தலைப்பைத் தடவிப் பார்த்து, “இது நல்ல பீஸு” என்றாள். ரவிக்கைத் துணியை அதிலிருந்து வெட்டச் சொன்னார்கள், நான் வெட்டவில்லை. ரவிக்கைக்குத் தனியாகச் சிவப்பில் எடுத்துவிட்டேன். பழைய அளவு ஜாக்கெட்டை நம்பித் தைக்கப் பயமாக இருக்கிறது, படத்தில் மெலிந்து தெரிகிறாய். டேப் வாங்கி, மார்பு, இடுப்பு, கைச்சுற்று, கை நீளம் நாலையும் இஞ்சில் எழுதி அனுப்பு. மறுபடி அந்த மண்டபத்துக்குப் போனால் ஏதாவது ஒரு அறை வாசலை மட்டும் தனியாகப் படம் எடு. ஒரு நெசவாளிக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை