தண்ணீருக்கு வழிவிடும் வீடு

இராகலையிலிருந்து வலப்பனைக்கு இறங்கும் பாதையில் தேயிலை மலைகளைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சரிவுக்குக் குறுக்கே, லேசான சாய்வோடு, வரிசை வரிசையாகக் கான்கள். மழைநீர் மண்ணை இழுத்துக்கொண்டு பாயாமல் வேகம் தணிந்து ஓடையைச் சேர்வதற்காக வெட்டியவை. தூர்ந்த கானைத் திறந்துவிடுவது தோட்டத்தில் ஒரு தனி வேலை.

செடிக்காக இவ்வளவு யோசித்தவர்கள், கொழுந்து பறிக்கிறவர்களின் வீட்டுக்காக யோசிக்கவில்லை. லயம் எனும் தொடர்வீட்டில் 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, அதாவது ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை, மேலே தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் காற்று ஊடுருவ இடமில்லை. அடுப்புப் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றும். தோட்டத்துரையின் பங்களாவோ மேட்டில், வெயிலும் காற்றும் பார்த்துக் கட்டியது. மலையைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் லயத்தையும் கட்டினார்கள். அதனால்தான் எனக்குக் கோபம் ஆறுவதில்லை.

இயற்கையோடு இசைந்த கட்டடம் என்றால் நம் நாட்டில் முதலில் தம்புள்ளைக்கு அருகிலுள்ள கண்டலம ஹோட்டலைச் சொல்வார்கள். ஜெப்ரி பாவா வடிவமைத்தது, 1994இல் திறக்கப்பட்டது. சுவரை மூடிய கொடிகளைத்தான் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அதன் கால்கள் முக்கியம். பாறைச்சரிவைச் சமப்படுத்தாமல் தூண்களின் மேல் நிற்கிறது அது. மழைநீர் அடியில் தன் பழைய வழியிலேயே இறங்குகிறது.

ஆனால் மலையகத்து வீட்டுக்கு வழி காட்டக்கூடியவர் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா என்றே நினைக்கிறேன். கண்டியில் 1918இல் பிறந்தவர். கருணாரத்ன குடும்பத்துக்காகக் கண்டியில் அவர் கட்டிய வீடு, சரிவோடு சேர்ந்து தளம் தளமாக இறங்கும். 1950களில் வட்டபுளுவவில் அரசாங்க ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டம் அவரிடம் வந்தபோது, குடியேறப் போகிறவர்களுக்கு வினாக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன வேண்டும் என்று கேட்ட பிறகே வரைந்தார். கட்டிக்கொடுக்கிறவர் குடியிருப்பவரைக் கேட்பது மலையகத்தில் இன்னும் வழக்கமாகவில்லை.

கேட்காமல் விடுவதற்கு இங்கே விலை அதிகம். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தவிலும் மண்சரிவு உயிர்களைக் கொண்டுபோனது. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே புதைந்தன. மழையும் மலைக்கு மலை வேறு. வலப்பனைப் பக்கத்துக்குப் பெருமழை வாடைக்காற்றோடு மார்கழி, தையில் வரும். ஆடி, ஆவணியில் தென்மேற்குக் கச்சான் காற்று வறண்டு வீசும். ஹட்டன் பக்கத்தில் அந்தக் கச்சான்தான் மழையைக் கொண்டுவருவது. அங்கே பொருந்தும் வாசலையும் சன்னலையும் அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது.

இப்போது தனித்தனிக் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் எழுகின்றன. லயத்தைவிட்டு வெளியேறுவது தலைமுறைகளின் கனவு. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். என் பயமெல்லாம் மண்வெட்டும் பெக்கோ இயந்திரத்தைப் பற்றியது. எல்லா மலைக்கும் ஒரே வரைபடம் என்றால், சரிவைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டித்தான் தளம் எடுக்கவேண்டும். பின்னால் தாங்கலிழந்த மலை, முன்னால் இறுகாத மண், நடுவில் கூரைத்தண்ணீர் விழுகிற ஒரு சந்து. இடம் பாதுகாப்பானதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்லும். அந்த இடத்துக்கு எந்த வீடு என்பதை வரைகிறவர்தான் சொல்லவேண்டும். சமையலறை நாலு படி கீழே இறங்கட்டும். சரிவுப் பக்கத்துப் பாதி வீடு தூணில் நிற்கட்டும். கூரைத்தண்ணீர் பீலி வழியே ஓடைக்குப் போகட்டும். காணியை அளந்த கையோடு அடிக்கல் நாட்டாமல், ஒரு மார்கழி மழையையாவது அங்கே நின்று பார்த்துவிட்டு, எங்கே ஊற்று உடைக்கும் என்று அந்த மலையில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு வரையத் தொடங்க என்ன தடை?