சிமெண்டில் நடக்கிறவர்கள்

சிவில் படிக்கிறவனுக்குச் சிலையிடம் என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள் நண்பர்களே! இது சலவைக்கல், வெண்கலம் பற்றிய கட்டுரை அல்ல. லேபில் நாம் சட்டையெல்லாம் பூசிக்கொண்டு கலக்குகிறோமே, அதே சிமெண்டு, சரளை, கம்பி பற்றியதுதான்.

எங்கள் துறையின் கல்விச் சுற்றுலா இந்த முறை கொல்கத்தாவுக்கு. ஹௌரா பாலத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. 1943-இல் திறந்த பாலம், ஆற்றுக்குள் ஒரு தூண் கூடக் கிடையாது. அதைப் பற்றி வேறு யாராவது எழுதியிருப்பார்கள், விட்டு விடுகிறேன். மறுநாள் பாதிப்பேர் கடைத்தெருவுக்குக் கிளம்ப, துறைத் தலைவர் மட்டும், "கான்கிரீட்ல ஒரு பாடம் பாக்கி இருக்கு, வர்றவங்க வாங்கப்பா" என்றார். ஏழு பேர் போனோம். ரயிலில் போல்பூர், அங்கிருந்து சாந்திநிகேதன்.

தாகூர் வளர்த்த இடம், 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் என்பதெல்லாம் ரயிலிலேயே சார் சொல்லி முடித்து விட்டார். ஆனால் அங்கே ஒரு மனிதரின் வாழ்நாள் வேலை திறந்தவெளியில் நிற்கிறது என்பதை நேரில் பார்க்கும் வரை நான் நம்பவில்லை. கண்ணாடிப் பெட்டி கிடையாது, மேலே விழும் விளக்கு கிடையாது. மரத்துக்கடியில், மண் தரையில் மனிதர்கள்!

செய்தவர் ராம்கிங்கர் பைஜ். 1906-இல் வங்காளத்தின் பாங்குராவில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1925-இல் சாந்திநிகேதனின் கலாபவனத்துக்கு மாணவராக வந்தவர், பிறகு அங்கேயே ஆசிரியராகி, கடைசி வரை அந்த ஊர்க்காரராகவே இருந்து விட்டார். 1970-இல் பத்மபூஷண். 1980-இல் காலமானார்.

முதலில் பார்த்தது 'சந்தால் குடும்பம்'. 1938-இல் செய்தது. நம் நாட்டில் பொது இடத்தில் வைத்த முதல் நவீனச் சிற்பம் என்றே பலர் இதைச் சொல்கிறார்கள். அரசரா? தலைவரா? யாரும் இல்லை. ஒரு கூலிக் குடும்பம் இடம் பெயர்ந்து போகிறது, அவ்வளவுதான். ஆண் தோளில் காவடி மாதிரி ஒரு தடி, அதில் தொங்கும் கூடையில் குழந்தை. பக்கத்தில் பெண், தலையில் சுமை. கூடவே ஒரு நாய். யாரும் அழவில்லை, யாரும் நம்மைப் பார்த்துக் கை நீட்டவில்லை. நடக்கிறார்கள். ஆள் உயரத்தை விடப் பெரியவர்கள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். தொட மனம் துடித்தது, சார் முறைத்ததால் தொடவில்லை. மேற்பரப்பு முழுக்கக் கரடுமுரடு. அந்த வட்டாரத்துச் செம்புரைக்கல் சரளையை சிமெண்டோடு கலந்திருக்கிறார். உள்ளே இரும்புக் கம்பிக்கூடு. சென்ட்ரிங் இல்லை, ஷட்டரிங் இல்லை. கலவையைக் கையால் கம்பியின் மேல் அப்பி, வீசி, இறுகுவதற்குள் கரண்டியாலும் உளியாலும் வெட்டி உருவம் எடுத்திருக்கிறார். நண்பர்களே, கொஞ்சம் யோசியுங்கள். சாதா சிமெண்டுக்கு இனிஷியல் செட்டிங் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று வைவாவில் ஒப்பிக்கிறோம். அந்த மனிதர் அந்த நேரத்துக்குள் ஒரு தாயின் தோளைச் செதுக்க வேண்டும்! தண்ணீர் கூடினால் கலவை கம்பியை விட்டு வழிந்து விடும், குறைந்தால் ஒட்டாது. ஸ்லம்ப் கோன் எதுவும் வைத்துப் பார்த்திருக்க மாட்டார். கைதான் கோன்.

வெண்கலம் வார்க்கப் பணம் ஏது? சிமெண்டு மலிவு, சரளை காலடியில். இல்லாமையால் வந்த வழிதான். ஆனால் நான் சொல்கிறேன், வெண்கலத்தில் இருந்திருந்தால் இது இவ்வளவு உண்மையாக இருந்திருக்காது. அந்தச் செம்மண் தரையே எழுந்து நடப்பது போல இருக்கிறது.

சற்றுத் தள்ளி 'ஆலைச் சங்கு', 1956. சங்கு ஊதியாயிற்று, இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள். குளித்த ஈரச் சேலை காற்றில் பறக்கிறது. ஓடிக்கொண்டே காய வைக்கிறார்களாம்! பின்னால் ஒரு சிறுவன் துரத்தி வருகிறான். காற்றைச் சிமெண்டில் பிடிக்க முடியுமா என்று யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் மேல். 1935-இல் செய்த 'சுஜாதா'வும் மரங்களுக்கு நடுவே ஒரு மரம் போல ஒல்லியாக, அழகாகத்தான் நிற்கிறாள். ஆனால் அவள் அமைதி. இவர்கள் அவசரம்.

நம் மெரினா உழைப்பாளர் சிலை நினைவுக்கு வராமல் இருக்குமா? 1959-இல் வைத்தது. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் வங்காளிதான், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தவர். அந்த நரம்பும் முறுக்கும் வேறு யாருக்கும் வராது, ஒத்துக் கொள்கிறேன். ஆனால் நால்வரும் ஆண்கள். சைட்டில் நிற்கும் நமக்குத் தெரியாதா, கலவை எப்படி மூன்றாவது மாடிக்குப் போகிறது என்று?

எனக்குத் தெரியும். என் அம்மா சித்தாள். பதினேழு வருடம் பாண்டு சுமந்த தலை அது. கட்டடம் முடிந்தால் கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கும், கட்டியவர் பெயர் இருக்கும். சுமந்தவளுக்கு அந்த வாசலில் நிற்கவும் இடம் இருக்காது. அதனால்தான் அந்த மண் தரையில் நான் ரொம்ப நேரம் நின்றேன். யாரோ ஒருவர், என் அம்மா பிறப்பதற்கு முன்பே, இதை நிற்க வைக்கத் தகுந்த உருவம் என்று நினைத்திருக்கிறார்.

மெக்கானிக்கல் நண்பர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம், உங்களுக்கும் உண்டு. டெல்லி ரிசர்வ் வங்கி வாசலில் அவர் செய்த யக்ஷன் கையில் இருப்பது பற்சக்கரம்! மறு கையில் பணப்பை. எதிரே யக்ஷி, கையில் நெற்கதிரும் பூவும். அவை கல்லில் செய்தவை.

2012-இல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடம் ராம்கிங்கரின் படைப்புகளைத் திரட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியது. தொகுத்தவர் சாந்திநிகேதனில் படித்த கேரளத்துச் சிற்பி கே.எஸ்.ராதாகிருஷ்ணன். ஓவியம், சிறு சிற்பம் எல்லாம் மண்டபத்துக்குப் போகலாம். ஆனால் அந்த இடத்திலேயே அப்பிக் கட்டிய இந்தச் சிமெண்டு மனிதர்களை எந்த லாரியில் ஏற்றுவது? அவர்களைப் பார்க்க நாம்தான் போக வேண்டும்.

சீக்கிரம் போக வேண்டும் என்பதும் என் கவலை. செம்புரைச் சரளை நம் கருங்கல் ஜல்லி போல அல்ல, நீரை உறிஞ்சும். கம்பிக்கு மேல் கவர் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வழியில்லை. ஈரம் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டை உடைக்கும். வெண்கலத்துக்கு இந்த நோய் இல்லை. மியூசியக்காரர்கள் மட்டும் கையாளும் விஷயம் அல்ல இது. ரிப்பேர் அண்டு ரீஹாபிலிடேஷன் என்று ஒரு பாடம் வருகிறதே, அதைப் படிக்கிற நம்மில் ஒருவன் செய்ய வேண்டிய வேலை. புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் இரண்டாம் ஆண்டுத் தம்பிகள் குறித்துக் கொள்ளவும்.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். சேலை பறக்க ஓடும் பெண்களைப் பார்த்து, "எங்கடா இப்படி ஓடுறாளுக, மேஸ்திரி அரை நாள் கூலி புடிச்சிருவான்னா?" என்றாள். சந்தால் குடும்பத்தைத்தான் நெடுநேரம் பார்த்தாள். சுமை தூக்கிய அந்தப் பெண்ணின் கழுத்தை விரலால் தொட்டு, "செஞ்சவன் சொம தூக்கிப் பார்த்திருக்கான்டா. கழுத்து நிக்கிறது சரியா இருக்கு" என்றாள். அப்புறம், சிமெண்டு எத்தனை மூட்டை ஆகியிருக்கும் என்று கேட்டாள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

— மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை