அப்பப்பாவின் கத்திக்கு ஒரு தோல்வார்

எங்கட ரூமில் மூன்று பேர். மூன்று பேரும் கலைப்பீடம், மூன்று பேருக்கும் மாதக் கடைசியில் கையில் காசில்லை. அதனால் எங்களில் ஒருத்தன் ஊருக்குப் போய்விட்டு ஒரு பழைய சவரக்கத்தியோட வந்தபோது, இனி ரேசர் வாங்கிற செலவு மிச்சம் என்றுதான் முதலில் சந்தோசப்பட்டோம். மடிக்கிற கத்தி, கறுப்புப் பிடி, அலகின் அடியில் ஷெஃபீல்ட் என்று பொறித்திருந்தது. அப்பப்பாவின் கத்தி என்றான். இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகள் வைத்திருந்த பைக்குள் கிடந்து தப்பினதாம். சுவரில் தொங்கின தோல்வார் தப்பவில்லை.

கத்தி மொட்டை. போர்டிங்குக்குப் பக்கத்துச் சலூனில் வயசான ஐயா ஒருவர் இருக்கிறார். இப்ப அவரும் ஆளுக்கொரு புது பிளேட் மாட்டித்தான் வழிக்கிறார். ஒருத்தரின் இரத்தம் பட்ட கத்தி இன்னொருத்தருக்கு ஆகாது. ஆனால் கல் வைத்திருந்தார். கத்தியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இது ஆற்றை கத்தி தம்பி?”

“பழைய சாமான் கடையில வாங்கினது ஐயா.”

ஏன் பொய் சொல்லுறான் என்று எங்களுக்கு விளங்கவில்லை. பேசாமல் நின்றோம். ஐயா கல்லில் தீட்டித் தந்தார், காசு வாங்கவில்லை. வாரில்லாட்டி இது கன நாள் தாங்காது என்று மட்டும் சொன்னார்.

தோல்வார் கூர் வைக்கிறதில்லை என்பதே எங்களுக்குப் புதுசு. கூர் வைக்கிறது கல். வழிக்க வழிக்க கத்தியின் வாய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மடியும். அதை நேராக்கி மினுக்கிறதுதான் தோலின் வேலை. அதனால் தோலில் கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் இழுபட வேண்டும். திருப்பும்போதும் முதுகிலேயே உருட்டித் திருப்ப வேண்டும். வாயில் திருப்பினால் தோல் வெட்டுப்படும்.

முதலில் பெல்ட் ஒன்றை யன்னல் கம்பியில் கட்டி இழுத்துப் பார்த்தோம். அசல் தோல் என்று சொல்லி விற்ற பெல்ட். இரண்டாம் நாளே மேற்பூச்சு உரிந்து உள்ளே துணி தெரிந்தது. இணையத்தில் தேடினால் எங்களுக்குப் பிடித்தது 15,000 ரூபாய். மகாபொலக் காசு வந்த கிழமையிலும் அதை நினைக்க ஏலாது. காசு இருந்தாலும் வாங்கக்கூடாது என்றுதான் இப்ப சொல்லுவோம். பழகிறவன் முதல் வாரை வெட்டாமல் விடமாட்டான். வெட்டுப்படப் போகிற தோலுக்கு ஏன் அவ்வளவு காசு?

ஐயாவிடமே திரும்பப் போய்க் கேட்டோம். மாட்டுத்தோல் போதும் என்றார். பூச்சுப் பூசாத தோலாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு துளி தண்ணி விட்டால் குடித்துக் கறுக்க வேண்டும், உருண்டு ஓடினால் அது வேண்டாம். தடிப்பு எல்லா இடமும் ஒரே அளவு. அகலம் 3 அங்குலம் என்றால் அலகு முழுக்கப் படும், ஒடுக்கமென்றால் சரிவாக இழுத்துப் பழக வேண்டும். தொங்கவிடுகிற வார் தொய்ந்தால் வாய் உருண்டுபோகும், ஆகவே புது ஆட்களுக்குப் பலகையில் ஒட்டினது நல்லம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சப்பாத்துத் தைக்கிற அண்ணையிடம் போனோம். அவர் மூன்று துண்டு எடுத்துப் போட்டார். ஒன்று சோல் தோல், விறைத்துக் கிடந்தது. ஒன்றில் தண்ணி உருண்டு ஓடியது. மூன்றாவது குடித்தது. 1,200 ரூபாய்.

“என்னத்துக்குத் தம்பியவை?”

எங்கட நண்பன் தோலைத் தடவிக்கொண்டே சொன்னான்: “அப்பப்பா சலூன் வச்சிருந்தவர் அண்ணை. அவற்றை கத்திக்கு.”

அண்ணை தலையாட்டிவிட்டு ஓரத்தை வடிவாக வெட்டித் தந்தார். நாங்கள் மற்ற இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தோம். ஒரு வருசம் ஒரே ரூம், ஒரே சோறு, இது தெரியாது. நாங்கள் கேட்டதுமில்லை. சாதியைப் பற்றி அசைன்மென்ட் எழுதி நல்ல புள்ளி எடுத்த ஆட்கள் நாங்கள். முடி கோணலாக வெட்டுப்பட்ட ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லைப் பகிடிக்குச் சொல்லிச் சிரித்தவர்களும் நாங்கள்தான். அவனும் கூடச் சிரித்திருக்கிறான். திரும்பி வரும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். “பலகைக்கு எங்க போறது?” என்று அவன் கதையை மாத்திவிட்டான்.

பலகை ஒரு தச்சுப் பட்டறையில் சும்மா கிடைத்தது. ஒட்டி, ஒரு நாள் பாரம் வைத்து, உள்ளங்கையால் தேய்த்து மெதுவாக்கினோம். முதல் இரவே எங்களில் ஒருத்தன் அவசரப்பட்டுத் திருப்பித் தோலை வெட்டினான். நண்பன் உப்புத்தாளால் அந்த இடத்தைத் தட்டையாக்கினான். அப்பப்பாவும் முதல் வாரை வெட்டித்தான் பழகினவராம். அவரைப் பற்றி அவன் தானாகச் சொன்ன இரண்டாவது விசயம் அது.

போன கிழமை பலகையை ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பெருவிரலால் வெட்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். பிறகு கத்தியை விரித்து, “பழைய சாமான் கடையில இப்பிடிக் கத்தி வாறேல்ல” என்றார்.

அவன் இந்த முறை ஊரின் பேரைச் சொன்னான்.