பரங்கிமலையும் பழைய விமானங்களும்

பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கி மலையை நோக்கி நடப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். மாதா கோயிலுக்குப் போகும் பக்தர்கள் ஒரு வகை; மாலைக் காற்று வாங்கப் போகிறவர்கள் மற்றொரு வகை. நான் சென்றது இவ்விரண்டுக்கும் புறம்பான ஒரு காரணத்துக்காக. என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்விதான் என்னை அந்தப் படிகளில் ஏற்றியது.

இரண்டாவது உலக மகா யுத்தத்தைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. "ஜப்பான்காரன் வங்காள விரிகுடாவுக்கு வந்தபோது நம் ஊர்க் கடலை யார் பார்த்துக்கொண்டார்கள், ஸார்?" என்றான் பையன். "பிரிட்டிஷ் கடற்படை" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். பாடப் புத்தகத்துக்கு அது போதும். ஆனால் அது பாதி உண்மைதான் என்பது எனக்கு அப்போதே தெரியும். மற்றப் பாதி உண்மைக்கு இருப்பிடம் இந்தப் பரங்கிமலையின் அடிவாரம்.

மலை ஒன்றும் பெரிதல்ல. முந்நூறு அடி உயரம் இருந்தால் அதிகம். உச்சியில் 1523ல் போர்த்துகீசியர் எழுப்பிய கோயில் நிற்கிறது. 1802ல் லாம்டன் துரை இந்தியா முழுவதையும் அளக்கும் வேலையைத் தொடங்கியது இம்மலையின் அருகிலிருந்துதான். ஆகவே, பார்ப்பதற்கென்றே படைத்த மலை என்று இதைச் சொல்லலாம். கிழக்கே வீடுகளுக்கு மேலாகக் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிகிறது. தெற்கே திரும்பினால் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதைகள். அவற்றுக்கப்பால் பல்லாவரத்துக் குன்றுகள். 1910ல் டி ஆஞ்சலிஸ் என்ற ஹோட்டல்காரர் தாமே ஒரு விமானத்தைச் செய்வித்துப் பறந்து பார்த்தது அந்தப் பல்லாவரத்தில்தான். பட்டணத்து ஜனங்களுக்கு ஆகாய விமானம் என்ற அதிசயம் அவ்வளவு சீக்கிரமே பழக்கமாகிவிட்டது.

அந்த நீலக் கோட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் அங்கே வந்து நின்று துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போயிற்று. ஒரே ஒரு கப்பல்! பட்டணம் நடுங்கிப்போயிற்று. எமகாதகனான ஆசாமியை நாம் இன்றும் "எம்டன்" என்கிறோம் அல்லவா? உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் இதற்கு ஒரு கல் பதித்திருக்கிறார்கள். பகைவன் குண்டு போட்ட இடத்துக்குக் கல் இருக்கிறது என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இருபத்தைந்து வருஷம் கழித்து மறுபடியும் யுத்தம். 1939 செப்டம்பர் 3ந் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு நம்மை ஒரு வார்த்தை கேட்காமலே இந்தியாவை யுத்தத்தில் இறக்கிவிட்டார். அப்போது இந்திய விமானப் படை என்று பெயர் சொல்ல இருந்ததெல்லாம் பதினாறு அதிகாரிகளும் 144 மற்றச் சிப்பாய்களுமே. 1932ல் பிறந்த குழந்தை. அதற்குப் பால் வார்த்தவர்கள் அளந்து அளந்து வார்த்திருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு நாலாயிரம் மைல் கடற்கரையைக் காப்பது எப்படி? சாட்பீல்டு கமிட்டி ஒரு யோசனை சொல்லியிருந்தது: முழுநேரப் படையைப் பெருக்க வேண்டாம், முக்கியத் துறைமுகங்களுக்குத் தொண்டர்களைக் கொண்டு சிறு விமானப் பிரிவுகள் அமைத்தால் போதும் என்று. இப்படித்தான் இந்திய விமானப் படை வாலண்டியர் ரிஸர்வ் என்னும் சேமப்படை உண்டாயிற்று. வேறு தொழில் செய்துகொண்டு, பிளையிங் கிளப்பில் பறக்கக் கற்றவர்களுக்கு ஒரு சட்டையை மாட்டி, "வாருங்கள், கடலைப் பாருங்கள்" என்றது சர்க்கார். செலவைச் சுருக்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது என்பதே என் அபிப்பிராயம்.

கரைக் காவல் பிரிவுகளில் முதலாம் எண்ணைப் பெற்றது சென்னை. அதன் தளம் இதே பரங்கிமலை. பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி என்று மற்ற நான்கும், பிறகு ஆறாவதாக விசாகப்பட்டினமும் அமைந்தன.

அவர்களுக்குக் கிடைத்த விமானங்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. வாப்பிட்டி என்று அதற்குப் பெயர். இரட்டை இறக்கை, மேலே கூரை கிடையாது. முதல் உலக யுத்தத்து விமானங்களின் உறுப்புகள் மிஞ்சிக் கிடந்ததால் அவற்றைப் பயன்படுத்தும்படியாகவே வகுத்த விமானம் அது. பிரிட்டிஷ் படை கழித்துப் போட்டதும், நம் முதலாம் ஸ்குவாட்ரன் உபயோகித்து விட்டதும் இந்தத் தொண்டர்களுக்கு வந்தன. அண்ணன் சட்டை தம்பிக்கு வருவது போலத்தான். 1941 மார்ச்சில் அந்தப் பழஞ்சட்டையையும் கழற்றிக்கொண்டார்கள்! பெஷாவரில் இரண்டாம் ஸ்குவாட்ரன் அமைப்பதற்குச் சென்னை, கல்கத்தாப் பிரிவுகளின் வாப்பிட்டிகள் போய்விட்டன. பதிலுக்கு வந்தவை அட்டலாண்டா என்ற நாலு எஞ்சின் பிரயாணி விமானங்கள். சீமான்கள் நாற்காலியில் சாய்ந்து சென்ற வண்டியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலைத் தேட வேண்டியதாயிற்று. கொச்சிப் பிரிவின் கதை இன்னும் விசேஷம். கன்னியாகுமரிக்கு மேற்கேயும் மலையாளக் கரை நெடுகவும் சுற்றிவர அவர்களிடமிருந்தது ஒரே ஒரு பழைய பிரயாணி விமானம்.

யோசனை பிறந்தது சிக்கனத்தில். ஆனால் அதன் பலனைப் போட்டவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் ஏழு பிளையிங் கிளப்புகளிலும் சமஸ்தானங்களில் இரண்டிலுமாக 1941 முடிவதற்குள் 364 பேர் டைகர் மாத் விமானங்களில் ஆரம்பப் பயிற்சி பெற்றார்கள். பதினாறு அதிகாரிகளாக இருந்த படை யுத்த முடிவில் 1,600 அதிகாரிகள் உள்ளிட்ட 28,500 பேராகப் பெருகியது. இது பின்வாசல் வழியாக வந்த பெருக்கம்.

1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் குதித்ததும், கராச்சிப் பிரிவிலிருந்து நாலு வாப்பிட்டிகளும் இரண்டு ஆடாக்ஸ்களும் பர்மாவிலுள்ள மோல்மீனுக்குப் போயின. கூரையில்லாத அந்த விமானங்களை ஜப்பானியரின் அதிவேக விமானங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஓட்டிச் சென்றவர்களை என்னவென்று சொல்வது! 1942 ஏப்ரல் 6ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை காலியாயிற்று, காரியாலயங்கள் உள்நாட்டுக்குப் போயின, மிருகக்காட்சிச் சாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மூட்டை முடிச்சோடு ஓடியவர்கள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. கடலைப் பார்க்கும் வேலை மட்டும் நின்றுவிடவில்லை.

அவ்வருஷ முடிவில் கரைக் காவல் பிரிவுகள் கலைந்து, அவற்றின் ஆட்கள் புது ஸ்குவாட்ரன்களில் சேர்ந்தார்கள். திருச்சிராப்பள்ளியில் டிசம்பர் 1ந் தேதி பிறந்த ஆறாம் ஸ்குவாட்ரனுக்குத் தலைவரான மெஹர் சிங், பின்னர் அராக்கான் போர்முனையில் டி.எஸ்.ஓ. விருது பெற்றார். அந்த யுத்தத்தில் இந்திய விமானப் படையில் அவ்விருதை அடைந்த இந்தியர் அவர் ஒருவரே.

ஆனால் அதே 1942 ஆகஸ்டில் காந்தியடிகளும் காங்கிரஸ் தலைவர்களும் சிறையிலிருந்தார்கள். மன்னர் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பறந்தவர்களை நம்மவர் என்று கொண்டாடலாமா? என் தகப்பனார் காலத்தவர்கள் முகத்தைச் சுளித்திருப்பார்கள். அதில் நியாயமும் உண்டு. அந்தச் சேமப்படையில் வெள்ளைக்கார வியாபாரிகளும் இருந்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் சிறைக்குப் போனவரின் வீடும் இந்தக் கரையில்தான் இருந்தது. அந்த வீட்டுக்கு மேல் பறந்தவன் யார் சம்பளத்தில் பறந்தான் என்பதைவிட, எதைப் பார்த்துப் பறந்தான் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேலும், 1947 அக்டோபர் 27ந் தேதி ஸ்ரீநகருக்குத் துருப்புகளைக் கொண்டுபோன சுதந்திர இந்தியாவின் விமானப் படை எங்கிருந்தோ குதித்துவிடவில்லை. யுத்த காலத்தில் இப்படிக் கற்றவர்கள்தான் அதன் முதுகெலும்பு. அன்றும் தனியார் கம்பெனிகளின் டக்கோட்டாக்கள் கூடவே பறந்தன. சமயத்துக்கு உதவும் சேமப்படை என்பதற்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

பிறகு 1952ல் ரிஸர்வ் மற்றும் துணை விமானப் படைச் சட்டம் வந்தது. அதன்படி 51 முதல் 57 வரை எண்ணிட்ட ஏழு துணை ஸ்குவாட்ரன்கள் 1955 முதல் படிப்படியாக அமைந்தன. அவற்றுள் சென்னைக்கும் ஒன்று உண்டு. அவையும் பிற்பாடு முழுநேரப் படையில் கரைந்துவிட்டன. சச்சின் டெண்டுல்கருக்கு 2010ல் குரூப் காப்டன் என்ற கௌரவப் பதவி அளித்தபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அதற்கு நான் விரோதியல்ல, பையன்களுக்குச் சந்தோஷம்.

வாலண்டியர் ரிஸர்வில் 1940ல் சேர்ந்து இங்கிலாந்து சென்ற இருபத்து நான்கு இந்திய விமானிகளில் மஹிந்தர் சிங் பூஜி என்பவர் ஒருவர். தலைப்பாகையோடேயே போர் விமானம் ஓட்டியவர். பர்மாவிலும் போரிட்டு டி.எப்.சி. விருது பெற்றவர். 2014ல் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், இங்கிலாந்தில் கிரேவ்ஸெண்ட் என்ற ஊரில். பரங்கிமலை உச்சியில் லாம்டன் துரைக்குச் சிலை இருக்கிறது. முதலாம் கரைக் காவல் பிரிவுக்கு அடிவாரம் முதல் உச்சி வரை நான் தேடிய இடத்தில் கல் ஒன்றும் கண்ணில் படவில்லை.

மறுநாள் வகுப்பில் நான் முதலில் சொன்ன பதிலைத் திருத்திக்கொண்டு, இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பையன் கவனமாகக் கேட்டுவிட்டு, "வாப்பிட்டியில் இரண்டு பேர் உட்காருவார்கள் என்றீர்களே, முன்னால் இருப்பவர் ஓட்டுவார், பின்னால் இருப்பவருக்கு என்ன வேலை, ஸார்?" என்றான்.

"துப்பாக்கி ஒன்று இருக்கும். ஆனால் பெரும்பாலும் எழுந்து நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்" என்றேன்.

"எவ்வளவு நேரம், ஸார்?"

"பெட்ரோல் தீரும் வரையில், அப்பா."