பெரிய எழுத்தும் சிறிய மனமும்

மலர்க் குழுவினர் என்னிடமும் ஒரு கட்டுரை வேண்டினர். கல்லூரி அன்னையின் பெருமையையும், எமக்கு அறிவொளி ஏற்றிய ஆசான்களின் அருமையையும் என்னினும் வல்லார் பலர் இம்மலரில் எழுதுவர். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞனாய் இருந்து இளைப்பாறிய நான், என் வீட்டிலுள்ள ஒரு சிறு பெட்டியைப் பற்றி எழுத முன்வந்தேன். அன்பர்கள் நகைக்க வேண்டா. அறுபது ஆண்டுகளுக்கு முன் நம் ஆய்வுகூடத்தில் கற்று மறந்துபோன பாடம் ஒன்றை அப்பெட்டி எனக்கு மீண்டும் கற்பித்தது. அதற்கு நான் கொடுத்த விலையும் சிறிதன்று.

அப்பெட்டியின் பெயர் றவுட்டர். வெளியிலிருந்து வரும் இணையத்தை வாங்கி, வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் கம்பியின்றிப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் தொழில். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் யாவும் கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்தன. அடுத்த வளவில் வாழும் சிறுவன் அப்பொழுது நம் கல்லூரியில் ஏழாந்தரத்தில் கற்றான். அவன் வீட்டில் இணைய வசதி இல்லை. “எங்கள் விறாந்தையில் இருந்து படி, தம்பி” என்று சொல்லி, வைஃபை கடவுச்சொல்லை அவனுக்குக் கொடுத்தேன். அவன் தங்கையும் உடன் வந்தாள். பாடசாலைகள் திறந்த பின்னரும் மாலை வேளைகளில் அவ்விருவர் குரலும் எம் விறாந்தையில் கேட்டுக்கொண்டே இருந்தது.

2024ஆம் ஆண்டில் எம் இணைப்புத் தளரத் தொடங்கிற்று. கனடாவிலிருந்து மகள் பேசும்போது, பேரப்பிள்ளையின் முகம் பாதிச் சிரிப்பிலே உறைந்து நிற்கும். கடவுச்சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது போலும் என்று எண்ணி, அதனை மாற்றிவிடத் துணிந்தேன். அதற்கு றவுட்டரின் நிர்வாகப் பக்கத்துள் நுழைதல் வேண்டும். என்னிடம் கணினி இல்லை. கைத்தொலைபேசி ஒன்றே உண்டு.

றவுட்டருக்கு வீட்டினுள் ஓர் இலக்கம் உண்டு. அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என அமையும். 192.168 எனத் தொடங்கும் இலக்கங்கள், 1996ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, வேறு இரு தொகுதிகளோடு தனியார் வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் ஒழுங்கையிலும் முதலாம் இலக்க வீடு ஒன்று இருப்பது போல, உலகின் எண்ணற்ற இல்லங்களில் அதே இலக்கம் வழங்குகின்றது. ஆதலின் வீட்டுக்கு வெளியே நின்று அவ்விலக்கத்தைத் தேடினால் பயன் இல்லை.

நான் முதலில் இரண்டாவது இலக்கத்தை இட்டேன், விடை இல்லை. பின்னர் கைத்தொலைபேசியின் வைஃபை விவரங்களைப் பார்த்தேன். ‘கேட்வே’ என்னும் சொல்லுக்கு எதிரே 192.168.1.1 என்றிருந்தது. அதனை முகப்புத் திரையின் தேடற்பெட்டியில் இட்டபோது, தொலைபேசி அதனை ஒரு வினாவெனக் கொண்டு உலகெங்கும் தேடல் நடத்திற்று. உலாவியின் முகவரிக் கட்டத்திலே, ‘எச்.ரி.ரி.பி.’ என்னும் தொடக்கத்தோடு முழுமையாக இட்டேன். அப்பொழுதும் பக்கம் திறக்கவில்லை. வைஃபை நலிவுற்றிருந்தமையால், என் தொலைபேசி எனக்குச் சொல்லாமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருந்தது. தெருவில் நின்றுகொண்டு வீட்டின் உள்ளறைக் கதவைத் தட்டுபவன் நிலை என் நிலையாயிற்று. டேட்டாவை நிறுத்தினேன், பக்கம் திறந்தது.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்பட்டன. வைஃபை கடவுச்சொல்லை இட்டேன்; பிழை. படலைத் திறப்பு வேறு, பெட்டகத் திறப்பு வேறு என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று. றவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளில், பயனர் பெயர் ‘அட்மின்’ என்றும், அதற்குரிய கடவுச்சொல் இன்னதென்றும் அச்சிட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி அணிந்து எழுத்தெழுத்தாக வாசித்து இட்டேன். மீண்டும் பிழை. மூன்று முறை முயன்றபின், சில நிமிடங்கள் பொறுக்குமாறு கட்டளையிட்டுப் பக்கம் தன்னை அடைத்துக்கொண்டது.

அவ்வேளையில் என் உள்ளத்தில் ஓர் ஐயம் புகுந்தது. தாளில் உள்ள கடவுச்சொல் பிழையெனின், யாரோ அதனை மாற்றியிருத்தல் வேண்டும். கணினிப் பாடத்தில் வல்லவனாய், நாள்தோறும் என் விறாந்தையில் இருப்பவன் யார்? அன்று மாலை அவன் வந்தபோது, தங்கை கேட்கவே, கடுஞ்சொல் சொன்னேன். “இடம் கொடுத்த வீட்டிலேயே இவ்வாறு செய்யலாமா?” என்றேன். அவன் என்னை நிமிர்ந்து நோக்கி, “நான் அதனைத் தொடவில்லை, ஐயா” என்று மட்டும் சொன்னான். புத்தகங்களை எடுத்துக்கொண்டான், தங்கையின் கையைப் பற்றிக்கொண்டு படலையைச் சாத்திச் சென்றான். அடுத்த மூன்று நாளும் விறாந்தை வெறிச்சோடிக் கிடந்தது. “பிள்ளைகள் ஏன் வரவில்லை?” என்று மனைவி வினவியபோது நான் விடை கூறவில்லை.

நான்காம் நாள், றவுட்டரின் பின்புறத் துளையில் ஊசி செலுத்தி, அதனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப எண்ணினேன். அவ்வாறு செய்யின், இணைப்பு வழங்குவோர் அதனுள் பதித்த விவரங்களும் அழிந்து, வீட்டில் இணையமே இல்லாது போகலாம். ஊசியைக் கையில் எடுத்தபோது நம் பௌதிகவியல் ஆசிரியர் நினைவுக்கு வந்தார். மின்சுற்றில் விளக்கு எரியாவிடில், மாணவர் கண்டபடி கம்பிகளைப் பிடுங்க அவர் விடமாட்டார். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வார்; மாற்றியதையும் கண்டதையும் அவ்வப்போதே கொப்பியில் குறிக்கச் செய்வார்; கண்ணுக்குத் தெரிவதை முதலில் பார்க்கச் சொல்வார்.

ஊசியை வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன். இலக்கம் சரி. டேட்டா நிறுத்தம், சரி. கடவுச்சொல் திரையில் புள்ளிகளாய் மறைந்திருக்கும், ஆதலின் கண் வடிவக் குறியை அழுத்தி அதனை வெளிப்படுத்திப் பார்த்தேன், சரி. எஞ்சியது பயனர் பெயர். அது மறைக்கப்படாமல் என் கண்முன்னே நாலு நாளும் நின்றது, நான்தான் பார்க்கவில்லை. தாளில் சிறிய எழுத்தாக இருந்த முதலெழுத்து, திரையில் பெரிய எழுத்தாக நின்றது. சொல்லின் தொடக்கத்தைத் தானே பெரிய எழுத்தாக்குவது கைத்தொலைபேசி விசைப்பலகையின் வழக்கம். தமிழில் எழுத்துக்குப் பெரியது, சிறியது என்னும் வேற்றுமை இல்லை. றவுட்டருக்கோ அவ்விரண்டும் வெவ்வேறு ஆட்கள். எழுத்தைத் திருத்தினேன், கதவு திறந்தது.

உள்ளே, இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் இருந்தது. எம்முடையவை போக, அயலாருடையது ஒன்றுமில்லை. ஊரெல்லாம் பரவியதாக நான் நினைத்த கடவுச்சொல் அவ்விரு பிள்ளைகளைக் கடந்து எங்கும் செல்லவில்லை. பின்னர் இணைப்புத் தளர்ந்தது எதனால்? வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, யன்னலருகே இருந்த றவுட்டரை இரும்பு அலுமாரியின் பின்னால் வைத்தவன் நானே. இரும்பு, வானொலி அலைகளை மறிக்கும் என்பதும் அதே ஆய்வுகூடத்தில் கற்றதுதான்.

அன்று மாலையே அடுத்த வளவுக்குச் சென்று, தாய் தந்தையர் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். சற்றுநேரம் மௌனமாயிருந்த அவன், “ஐயா, அடியில் ஒட்டியுள்ள கடவுச்சொல்லை முதலில் மாற்றிவிடுங்கள். யன்னலருகே இருந்த நாளில் அது விறாந்தையிலிருந்தே தெரியும். 2020 தொடக்கம் எனக்குத் தெரியும்” என்றான். நாலாண்டுகளாகத் திறப்பு அவன் கண்முன்னே தொங்கியிருக்கின்றது. அவன் கை நீட்டவில்லை. அவ்வொரு வாக்கியம் என்னைச் சுட்டது.

அவன் அறிவுரை உலகம் பட்டறிந்ததே. 2016ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் றவுட்டர்களையும் தன்வயப்படுத்திற்று. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் பெரும் இணையத்தளங்கள் பல முடக்கப்பட்டன. எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லோடு இத்தகைய வீட்டுக் கருவிகளை விற்பதை ஐக்கிய இராச்சியம் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. அவனே அருகிருந்து வழிகாட்ட, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். விருந்தினர்க்கென ஒரு தனி வைஃபையும் அமைத்தோம். அதன் கடவுச்சொல்லை அவனே தெரிவு செய்தான். றவுட்டர் மீண்டும் யன்னலருகே வந்தது. மறுநாள் பிள்ளைகளும் விறாந்தைக்கு வந்தனர்.

இன்று கற்கும் தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. பூட்டிய கதவின் முன் நிற்கும்போது, இலக்கத்தைப் பார், எந்த வழியாய் நிற்கின்றாய் எனப் பார், எழுத்தைப் பார். அயலான் முகத்தை அதற்குப் பின்னரும் பாராதிருத்தல் நன்று. ஆய்வுகூடத்தில் அதனை எமக்குக் கற்பித்த கல்லூரி அன்னை, விறாந்தையில் இருந்து படிக்கும் பிள்ளைக்கும் கற்பித்திருக்கின்றாள்; அவன் என்னினும் நன்றாகக் கற்றுக்கொண்டான். அன்னை நீடு வாழ்க!