உம் கொட்டுதல்

பேரனுக்கு 2 வயது முடிந்தபோது அவன் கையிருப்பில் ஐந்தே சொற்கள். அம்மா, தா, காக்கா, டாட்டா, அப்புறம் யாருக்கும் விளங்காத ஒரு ‘பூபு’. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ஆம்பளைப் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்றார் சம்பந்தி. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னாள் அக்கா. குலதெய்வத்துக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொண்டாள் என் மனைவி. 30 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். படம் போட்ட அட்டைகளை வாங்கிவந்து, காலையும் மாலையும் அவனை எதிரே உட்காரவைத்து, “இது என்ன? சொல்லு. சொல்லுடா” என்றேன். நான்காம் நாள் அட்டைப் பெட்டியைக் கண்டதுமே பயல் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

மகள்தான் காது மருத்துவரிடம் கூட்டிப்போனாள். பேச்சு வரவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது காதை. நாங்கள் அத்தனை பேரும் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். காதில் குறையில்லை என்று தெரிந்ததும் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருவரிடம் அனுப்பினார்கள். என் மகளைவிடச் சின்னவர். தரையில் பாயை விரித்து, சொப்புச் சாமான்களைக் கொட்டி, “வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க சார்” என்றார். பேசினேன். ஐந்து நிமிஷம் கழித்து நோட்டைத் திருப்பிக் காட்டினார். கோடு கோடாகப் போட்டிருந்தது.

“26 கேள்வி கேட்டிருக்கீங்க. ஒண்ணுக்காவது அவன் பதில் சொல்ற வரைக்கும் விட்டீங்களா சார்?”

விடவில்லைதான். வகுப்பில்கூட விட்டேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கேள்வியைக் குறைக்கச் சொன்னார். கண்ணில் படுவதை, கை செய்வதைச் சும்மா சொல்லிக்கொண்டிருந்தால் போதும். சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கணக்கு வாத்தியாருக்கு எண்ணுவதா கஷ்டம்? வாயை மூடுவதுதான்.

மறுநாள் மொச்சை உரிக்க உட்கார்ந்தேன். அவனும் முறத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். “தாத்தா மொச்சை உரிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வந்தபோது ஒரு காயைத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டி, “பூபு” என்றான். பிளந்த காய்க்குள் பச்சைப் புழு ஒன்று நெளிந்தது.

பூச்சி! சுவரில் எறும்பைப் பார்த்தும், விளக்கைச் சுற்றிய ஈசலைப் பார்த்தும் மாசக்கணக்காக அவன் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். “ஆமா, பூச்சி. பச்சைப் பூச்சி. ஊர்ந்து போகுது பாரு” என்றேன். மறுபடி எண்ணினேன். எட்டில், “பூபு போ” என்றான். இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தது அன்றுதான் முதல். அவன் பேசாமல் இருந்ததில் பாதி, நான் கேட்காமல் இருந்தது.

என் அப்பத்தா கதை சொல்லும்போது நாங்கள் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். தூங்கிவிட்டோமா என்று பார்க்கத்தான் அது என்று நினைத்திருந்தேன். கைக்குழந்தையிடமும் அவள் அப்படித்தான். “ங்கா சொல்லு” என்று முகத்தருகே குனிந்து காத்திருப்பாள், அது ‘ங்கா’ என்றதும் ஊர் நியாயம் கேட்டவள்போல “அப்படியா, அப்புறம்?” என்பாள். உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடையும் விளையாட்டில், நண்டு ஊரத் தொடங்கும் முன்னே ஒரு நிறுத்தம் உண்டே, குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்காகவே காத்திருக்கும். பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்துக்குக்கூட, கீர் என்றால் சொல் என்று கொண்டு, குழந்தையைப் பேச அழைப்பதாகப் பொருள் சொல்பவர்கள் உண்டு. ஐந்தாம் மாதத்துக்குரிய பருவம் அது. பதில் வராத வயதிலேயே அழைத்துவைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அந்த வேலையை டி.வி.யிடம் விட்டிருந்தோம். நாள் முழுக்கப் பேசுகிறதே, காதில் விழுந்தால் வந்துவிடாதா என்று. அமெரிக்காவில் பட்ரிசியா குல் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள், 12 முறை. அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகள் பிடிபட்டன. அதே ஆட்களைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. திரை உம் கொட்டாது. (எதிர்வீட்டுச் சிறுமி கார்ட்டூன் பார்த்தே தமிழ் பழகியவள். “அம்மா, எனக்குப் பசிக்கிறது” என்று செந்தமிழில் அழுவாள். சோறு என்னவோ கிடைத்துவிடுகிறது.)

பேரன் பழத்தைப் ‘பயம்’ என்பான். பழைய வாத்தியாராக இருந்தால் நாக்கை மடக்கச் சொல்லி உயிரை எடுத்திருப்பேன். இப்போது “பழம் வேணுமா? இந்தா வாழைப்பழம்” என்பதோடு சரி. ழகரம் நிதானமாகத்தான் வரும்; பல பெரியவர்களுக்கே இன்னும் வரவில்லை.

போன தை மாசம் மணி கட்டப் போனோம். எல்லாம் மணியின் பலன்தான் என்கிறாள் மனைவி, நான் வாதாடவில்லை. கட்டுவதற்கு முன் அவன் மணியைக் கவிழ்த்து உள்ளே பார்த்தான். “அதுதான் மணியோட நாக்கு” என்றார் பூசாரி. தன் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “தாத்தா, மணி என்ன சொல்லும்?” என்றான்.

பதில் நுனி நாக்கில் இருந்தது. எண்ண ஆரம்பித்தேன். நாலில் அவனே அடித்துப் பார்த்தான்.