சைக்கிள் வீழ்ச்சிப் படலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கியாற்றை ஒதுக்கிவிட்டால் ஆறும் இல்லை. ஏறி இறங்கிக் களைக்கத்தக்க மேடுதானும் இல்லை. இந்நிலத்தைத் தட்டையாகப் படைத்த காலத்தே இறைவன் துவிச்சக்கரவண்டியை மனத்திற் கொண்டிருந்தான் போலும். எம் கல்லூரிப் பழைய மாணவர் எவரையேனும் கண்டு, "உமது காலத்துச் சைக்கிள் யாது?" என்று வினவிப் பாருங்கள். கற்ற பாடத்தை மறந்தவர்கூட றலியா, ஹம்பரா, றட்ஜா என்பதை மறந்திரார். விளக்கின்றி ஓடியதற்காகவும், ஒருவர் ஏறவேண்டிய வண்டியில் இருவர் ஏறியதற்காகவும் நீதிமன்றிலே தண்டம் இறுத்தோர் பலர் இன்று வைத்தியராயும் பொறியியலாளராயும் விளங்குகின்றனர். அவர்தம் பெயர்களை இம்மலரில் வெளியிடுதல் முறையன்று.

1990ஆம் ஆண்டு மீண்டும் போர் மூண்டு மின்சாரமும் பெற்றோலும் அற்றுப்போன காலத்திலே இச்சிறு வண்டி ஆற்றிய தொண்டினை விரிக்கிற் பெருகும். விறகு சுமந்தது, நெல்மூடை சுமந்தது, நோயாளரைச் சுமந்தது. வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவிலே வானொலியைப் பொருத்தி, ஏனையோர் சூழ இருந்து செய்தி கேட்டதை அக்காலத்து மாணவர் நன்கறிவர். மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்கள் சில புகைந்து இருமிக்கொண்டு சென்றனவாயினும், வீதி அன்று சைக்கிளுக்கே உரியதாயிருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமம் இடம்பெயர்ந்த இரவில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அப்பெருங்கூட்டத்திலே சைக்கிளில் ஏறி ஓட்ட இடமிருக்கவில்லை. உருட்டிச் சென்றோரே எல்லாரும்.

போர் 2009இல் ஓய்ந்தபின் வீதிகள் அகன்றன, காப்பெற் இடப்பட்டன. மோட்டார்ச் சைக்கிள், ஓட்டோ, வான் என வாகனங்கள் பெருகின. அதனை நாம் குறைகூற மாட்டோம். ஆயின், பெருவீதி பெற்ற வேகத்துக்கு ஒழுங்கைகள் ஆயத்தமாகவில்லை. ஒன்று மாத்திரம் அங்கே மாறிற்று: கிடுகு வேலிகள் நின்ற இடங்களில் ஆறடி மதில்கள் எழுந்தன. வேலியும் பார்வையை மறைத்ததே; மதிலும் மறைக்கின்றது. வேறுபாடு யாதெனில், வேலியில் மோதியவன் கீறலோடும் கிடுகுத் தும்போடும் எழுந்து போவான். மதில் அத்தகைய இரக்கம் உடையதன்று. இதனை நாம் நூலிற் கற்றிலோம்.

எமக்கு அது நேர்ந்தது 2018ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில். வெளிநாடுகளில் வாழும் எம்மவர் குடும்பத்தோடு ஊர் வந்து, வான் அமர்த்தித் தாமே ஓட்டித் திரியும் பருவம் அது. மாலை 5 மணியளவில் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டுச் சைக்கிளிற் புறப்பட்டு, எமது ஒழுங்கை காங்கேசன்துறை வீதியிற் சென்று ஏறும் முகப்பை அடைந்தோம். வீட்டுக்கும் அவ்விடத்துக்கும் இடையில் 60 யார் தூரமும் இராது. இடப்புற மதிலை ஒட்டி, மிதிப்பதை நிறுத்தி, மணியை இருமுறை அடித்தோம்.

அவ்வேளை பெருவீதியில் வந்த வான் ஒன்று வலப்புறமாக எம் ஒழுங்கைக்குள் திரும்பிற்று. இந்நாட்டிலே வாகனங்கள் இடப்பக்கத்தாற் செல்பவை. ஆகவே வலப்புறம் திரும்புவோர் மூலையை வெட்டாது, சற்று முன்சென்று, தமக்குரிய இடப்பக்கத்தைப் பிடித்து நுழைதல் வேண்டும். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலோ வலப்பக்கத்தாற் செல்வதே விதி. பல்லாண்டு அங்கு ஓட்டிய கையின் பழக்கம் இங்கும் தன் வேலையைச் செய்தது. வான் மூலையை வெட்டிக்கொண்டு எமக்குரிய பக்கத்திலே எம்மை நேரெதிராகச் சந்தித்தது. அது பாதிக் காரணம். பழக்கம் பிழைப்பினும் கண் திருத்தும். ஓட்டியவரின் கண்ணோ அந்நேரம் வீதியில் இல்லை. முகத்தைப் பின்னாசனத்துக்குத் திருப்பியிருந்தார். இதுவே மறுபாதி.

ஏறக்குறைய 2 தொன் நிறையுடைய வானும் 20 கிலோகிராம் நிறையுடைய சைக்கிளும் மோதின் விளைவு யாதென்று கணிக்க உயர்தர வகுப்புக்குச் செல்லவேண்டியதில்லை. வேகம் இருமடங்காயின் மோதும் சக்தி நான்கு மடங்காகும் என்று கரும்பலகையிற் பலமுறை எழுதியவர் நாம். நல்வேளையாக வான் திருப்பத்தில் மெல்லவே வந்தது. அதனாலேயே இக்கட்டுரையை எழுத நாம் இருக்கின்றோம். முன்சில்லு பம்பரின் கீழ் மடிந்தது. நாம் மதிலிற் சாத்தப்பட்டோம். இடது தோளில் உலர்ந்த சுள்ளி முறிவது போன்றதோர் ஒலி கேட்டது.

கூட்டம் கூடிற்று. எம்மைத் தூக்கி இருத்து முன்னரே தீர்ப்புகள் வெளிவரலாயின. "மாஸ்ரர் குறுக்கை வந்திட்டார் போலை" என்றார் ஒருவர். "வயது போன நேரத்திலை இவருக்கென்னத்துக்குச் சைக்கிள்?" என்றார் மற்றொருவர். இவ்விருவரும் மோதிய பின் வந்து சேர்ந்தவர்கள். வானை ஓட்டியவர் நிறம் வெளிறி நின்றார். ஆம் என்றும் இல்லை என்றும் சொன்னாரல்லர். அப்பொழுது வானின் பின்கதவு திறந்தது. எட்டு ஒன்பது வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி இறங்கி வந்தாள். "அப்பா றோட்டைப் பாக்கேல்லை. எங்களுக்குக் கடை காட்டினவர்" என்றாள். அவள் தமிழிலே அயல்நாட்டு ஓசை இருந்தது; பொருளில் ஐயம் இருக்கவில்லை. கூட்டம் வாயடங்கிற்று.

அவர் காட்டியது, தாம் கற்ற காலத்திலே பாடசாலை விட்டதும் நின்று சர்பத் குடித்த கடை இருந்த இடத்தை. அவர் எம் கல்லூரி மாணவர். எம்மிடம் கணிதம் கற்றவரல்லர் என்பதையும் இங்கே குறித்துவைக்க விரும்புகின்றோம்.

வைத்தியசாலையில் எக்ஸ்கதிர்ப் படம் பிடித்து, இடது காறை எலும்பு முறிந்ததென்றனர். நெஞ்செலும்பையும் தோளையும் இணைக்கும் மெல்லிய எலும்பு அது. சைக்கிளில் இருந்து விழுவோருக்குப் பெரும்பாலும் முறிவது அதுவே என்றும், தூளிக்கட்டில் ஆறு வாரம் கையை ஆறவிட்டால் தானே பொருந்தும் என்றும் இளம் வைத்தியர் ஒருவர் பொறுமையோடு விளக்கினார். வந்து பார்த்தோர் தோடம்பழமும் ஹோர்லிக்ஸ் போத்தலும் தந்து, அட்டமத்துச் சனி என்றனர். தலைக்கு வந்தது தோளோடு போயிற்று என்று முதுமொழியைத் திருத்தியும் சொன்னார் ஒருவர். நோவெண்ணெய் பூசாமல் விட்டதற்காக வீட்டாரைக் கண்டித்தோரும் உளர். சனீஸ்வரனைக் குறித்தன்றி வானைக் குறித்து அன்று எவரும் பேசிற்றிலர்.

மறுநாட் காலை, வைத்தியசாலைப் பொலிசார் வாக்குமூலம் பெற வருமுன், பெரியவர் இருவர் எம் கட்டிலருகே வந்து அமர்ந்தனர். ஒருவர் எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்றவர். இன்றும் எம்மை ஒருமையில் அழைக்கும் உரிமையுடைய சிலருள் ஒருவர். "நீ சறுக்கி விழுந்தனீ எண்டு ஒரு சொல்லுச் சொன்னாற் காணும். பொடியன் வெள்ளிக்கிழமை பிளேன் ஏறவேணும். போகாட்டில் அங்கை வேலை போடும். செலவெல்லாம் தாறன் எண்டு சொல்லுறான். எங்கடை கல்லூரிப் பிள்ளை" என்றார்.

அவர் கூறியதில் ஒன்றும் பொய்யில்லை. கூறச்சொன்னது மாத்திரமே பொய். நாம் சற்று நேரம் பேசாதிருந்தோம். ஒரு குடும்பத்தின் பிழைப்பு எம் வாயில் இருப்பது இலேசான காரியமன்று. அந்த இளைஞர்மீது எமக்குக் கோபமும் இருக்கவில்லை. தான் கற்ற ஊரைப் பிள்ளைக்குக் காட்ட விழைந்தவனைப் பகைப்பது எப்படி? ஆயின் அவ்வொழுங்கை வழியே நாள்தோறும் காலையில் வெள்ளுடுப்போடு சைக்கிளில் இறங்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். "சறுக்கி விழுந்தார்" என்று ஏட்டில் ஏறினால், அம்மூலையில் ஒன்றும் நிகழவில்லை என்பதே பொருள். இவ்வாறு நட்புக்காகவும் உறவுக்காகவும் சறுக்கி விழுந்தவர்கள் இவ்வூரில் எத்தனை பேரோ! அன்றியும், எல்லார் முன்னிலையிலும் உண்மை சொன்ன ஒரு சிறுமியைப் பொய்யளாக்க எமக்கு யார் அதிகாரம் தந்தார்? "நடந்ததைச் சொல்லுவன். தண்டிக்கச் சொல்லிக் கேக்கமாட்டன்" என்றோம். நண்பர் விடைபெறாமலே எழுந்து போனார். அவர் பேத்தியின் சடங்குக்கு எமக்கு அழைப்பு வரவில்லை.

படுக்கையிற் கிடந்தோர்க்கு வாசிப்பே துணை. 1896ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் தேதி நியூயோர்க் நகரிலே ஹென்றி வெல்ஸ் என்பார் ஓட்டிய மோட்டார் வண்டி, சைக்கிளிற் சென்ற ஈவ்லின் தோமஸ் என்பவரை மோதி, அவர் கால் முறிந்தது. அமெரிக்காவிற் பதிவான மோட்டார் விபத்துகளுள் மிக முந்தியதாகச் சொல்லப்படுவது இது. மோட்டார் பிறந்த மறு கணமே சைக்கிளைத் தேடிப்போயிற்றுப் போலும்! எம்மைக் கவர்ந்தது பின்னர் நடந்தது: வெல்ஸ் அன்றிரவு சிறையில் இருந்தார். குதிரைகள் நிறைந்த அந்நகரத்தார், புதுப்பொறியைக் கண்டு மயங்கி, அம்மையார் சறுக்கி விழுந்ததாகப் பதியவில்லை. எம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், விபத்து நேர்ந்தால் சாரதி நிற்றல் வேண்டும், காயமுற்றார்க்கு உதவல் வேண்டும், பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும் என்கின்றது. நின்றதும் உதவியதும் எம் சாரதி தாமாகவே செய்தவை. மூன்றாவதற்குத்தான் ஊரார் குறுக்கே நின்றனர்.

வாக்குமூலம் கொடுத்தோம். அன்று மாலையே பொலிஸ் நிலையத்திலே அந்த இளைஞரும் கொடுத்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த உத்தியோகத்தர், சொல்லுக்குச் சொல் ஒத்திருப்பதைக் கண்டு, இருவரும் கூடிப் பேசி எழுதினரோ என்று ஐயுற்றாராம். நீதிமன்றிலே குற்றத்தை ஒப்பித் தண்டம் செலுத்தினார். பயணம் பத்து நாள் பிந்திற்று, பத்து நாட் சம்பளமும் போயிற்று, வேலை போகவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் மகளோடு எம் வீட்டுக்கு வந்தார். தேநீர் ஆறும்வரை பேச்சே எழவில்லை. பின்னர், "சேர், அவை வந்து உங்களிட்டைக் கேட்டது எனக்குத் தெரியும். நான்தான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை" என்றார். "தெரியும், தம்பி" என்றோம். சிறுமி எமது தூளிக்கட்டை நெடுநேரம் உற்றுப் பார்த்து, "தாத்தா, எலும்பு இப்ப ஒட்டிப்போச்சோ?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றோம். ஒட்டினால் எழுதி அனுப்பச் சொன்னாள், எழுதி அனுப்பினோம்.

சைக்கிளை அவரே திருத்துகடையிற் கொடுத்துப் பணமும் கட்டியிருந்தார். ஆறு வாரம் என்றது ஒன்பது வாரமாயிற்று. வயதின் கணக்கை வைத்தியர் சேர்த்திலர் போலும். வீட்டார் இனிச் சைக்கிள் வேண்டாம் என்றனர், கேட்டுக்கொண்டோம், ஏறினோம். முன்சில்லும் போர்க்கும் புதியவை. எமது வண்டியின் பச்சை இப்பொழுது எக்கடையிலும் இல்லை என்று திருத்துபவர் கறுப்பு நிறத்துப் போர்க்கைப் பூட்டி வைத்திருந்தார்.